தலை முழுகிய குடும்பங்கள்: ஆணவக் கொலை மதத்திலிருந்து வருகிறதா, பண்பாட்டிலிருந்தா?

பிளஸ் ஆற்றங்கரை | சனி, இரவு 9.40

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மூன்று நாளாக ஒரு கேள்வி தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பர், இடைவேளையில் தம் கைப்பேசியில் ஒரு பழைய காணொளியைக் காட்டினார். உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம், 2016 மார்ச் 13. சாதி மீறி மணந்த சங்கரையும் கௌசல்யாவையும் பட்டப்பகலில் வெட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகிறார்கள். நண்பர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் மதத்தில் இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறதா?"

"இல்லை, அது எங்கள் ஊர்ப் பழக்கம்" என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லியிருந்தால் எது கெட்டுப்போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மதத்தைக் காப்பாற்றத் தமிழனைக் காட்டிக்கொடுத்திருப்பேன். "சாதி" என்றேன். "சாதி மதத்தில் இல்லையா?" என்றார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் பாகிஸ்தானில் ஓர் அண்ணன் தங்கையைக் கொன்ற செய்தி வந்தபோது, இதே கேள்வியை இதே மனிதரிடம் நான் கேட்டேன். இதே சிரிப்போடு.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?


கிராணி மகன் | சனி, இரவு 10.15

மதம் என்று சொல்லுங்கள். அதில் என்ன கூச்சம்?

மனுநூலின் எட்டாம் அத்தியாயத்தில், உயர்ந்த வருணத்துப் பெண்ணை நாடும் தாழ்ந்த வருணத்தானுக்கு "வதம்" என்று தண்டனை எழுதியிருக்கிறது. உடல் தண்டனை என்று சிலரும் கொலை என்று சிலரும் பொருள் சொல்வார்கள். எதுவானாலும் பூச்செண்டு கொடுக்கச் சொல்லவில்லை. பத்தாம் அத்தியாயத்தைத் திறந்தால், எந்தக் கலப்பில் பிறந்த பிள்ளைக்கு எந்த இழிபெயர் என்று பட்டியல் போகிறது. அம்பேத்கர் 1936-இல் தெளிவாகச் சொல்லிவிட்டார்: சாதிக்கு மருந்து கலப்புமணம், அந்த மருந்தை மக்கள் விழுங்காததற்குக் காரணம் சாத்திரங்கள் புனிதம் என்ற நம்பிக்கை. சாத்திரத்தில் கை வைக்காமல் சாதியில் கை வைக்க முடியாது என்பது அவர் வாதம். தொண்ணூறு ஆண்டு ஆகிறது. நாம் இன்னும் "மதம் வேறு, சாதி வேறு" என்று குழந்தைக்கு நிலாவைக் காட்டுவதுபோல் காட்டிக்கொண்டிருக்கிறோம்.


சிவநேசன் 63 | சனி, இரவு 10.32

கிராணி மகன் எப்போதும் இப்படித்தான். முப்பது வருடம் கோயில் நிர்வாகத்தில் இருந்தவன் நான். எந்தத் தேவாரத்தில் மகளை வெட்டச் சொல்லியிருக்கிறது? நந்தனாரும் நாயனார், திருநீலகண்ட யாழ்ப்பாணரும் நாயனார். சுந்தரர் சங்கிலியையும் பரவையையும் எந்தக் குலம் பார்த்து மணந்தார்? உடுமலையில் அரிவாள் தூக்கியவன் மனுநூலைக் கண்ணால் கண்டிருப்பானா? கூலிக்கு வந்தவன்.

இது அந்த நாட்டு அரசியல். இங்கே கொண்டுவந்து ஊற்றாதீர்கள்.


நானா கடை, பினாங்கு | ஞாயிறு, காலை 7.05

அந்த மலாய் நண்பரின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன், உங்கள் இடத்திலும் இருந்திருக்கிறேன். தமிழ் முஸ்லிமாகப் பிறந்தால் இரண்டு பக்கத்துக் கேள்வியும் நம் மடியில்தான் வந்து விழும்.

குர்ஆனில் மகளைக் கொல்லத் தகப்பனுக்கு அனுமதி கிடையாது. ஒரு பெண்மீது பழி சொல்பவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் கசையடி அவனுக்கு. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தை, எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படுவாள் என்று வசனம் இருக்கிறது. ஆக, மார்க்கம் சுத்தம் என்று சொல்லி நான் கடையைச் சாத்திக்கொண்டு போகலாம்.

போக முடியவில்லை. பாகிஸ்தானில் கொலைக்குற்றத்தைக் கொல்லப்பட்டவரின் வாரிசுகள் மன்னிக்கலாம் என்று மார்க்கத்தின் பெயரால் சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். தெருச் சண்டையில் ஒருவன் கொன்றால் மன்னிப்பதா வேண்டாமா என்று எதிர்வீட்டார் முடிவு செய்வார்கள். வீட்டுக்குள் அண்ணன் தங்கையைக் கொன்றால்? கொன்றவனுக்கும் செத்தவளுக்கும் ஒரே தகப்பன், ஒரே தாய். மன்னிக்க வேண்டியவர்களும் அவர்களே. 2016 ஜூலையில் கந்தீல் பலோச் என்ற சமூக ஊடகப் பிரபலம் தம் தம்பியால் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில் அந்த ஓட்டையை அடைத்துச் சட்டம் வந்தது: குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை. 2019-இல் தம்பிக்கு ஆயுள் விழுந்தது. 2022-இல் தாய் மன்னிப்புக் கொடுத்தார், சாட்சிகள் பின்வாங்கினார்கள், மேல்முறையீட்டில் வெளியே வந்துவிட்டான்.

அந்த அண்ணன்மார்களின் கையில் கத்தி கொடுத்தது மார்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கத்தியைக் கழுவத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லித்தான் ஊற்றினார்கள். அதை மறைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வராது.


மேரி மகள் | ஞாயிறு, காலை 11.50

பூசை முடிந்து வந்து படித்தேன். எங்களை விட்டுவிட்டீர்களே!

கோட்டயத்தில் 2018 மே மாதம் கெவின் என்ற இளைஞர் கடத்திக் கொல்லப்பட்டார். தலித் கிறிஸ்தவர். பதிவு அலுவலகத்தில் மணக்கப் போன பெண்ணின் தகப்பனும் கிறிஸ்தவர். ஒரே பைபிள், ஒரே சிலுவை. மறு ஆண்டு பத்துப் பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்த நீதிமன்றம், இதை ஆணவக் கொலை என்றே குறித்தது. இது மதக்கொலை என்றால் எந்த மதம் என்று சொல்லுங்கள்.

அதற்காக வேதாகமம் பால்போல வெள்ளை என்றும் சொல்ல மாட்டேன். யாக்கோபின் மகள் தீனாளுக்காக அவள் அண்ணன்மார் சிமியோனும் லேவியும் ஓர் ஊரையே வாளால் வெட்டுகிறார்கள். ஞாயிறு மறைக்கல்வியில் இந்தக் கதையை எங்களுக்கு அவசரமாகத் தாண்டிப் போனார்கள். பெரியவளான பிறகு நானே படித்தேன். தகப்பன் யாக்கோபு சாகும்போது அந்த இருவரின் கோபத்தைச் சபிக்கிறார். ஒரே நூலில் வெட்டும் இருக்கிறது, சாபமும் இருக்கிறது. எந்தப் பக்கத்தைப் பிரிப்பது என்பதைப் படிப்பவனின் கை முடிவு செய்கிறது.

போப்பாண்டவரின் வத்திக்கானைச் சுற்றியிருக்கும் இத்தாலியில் மனைவியையோ மகளையோ சகோதரியையோ கள்ள உறவில் கண்டு, அந்தச் சினத்தில் மானத்துக்காகக் கொன்றவனுக்கு 3 முதல் 7 ஆண்டு வரைதான் சிறை என்று தண்டனைச் சட்டத்தில் தனிப்பிரிவு இருந்தது. பிரிவு 587. அதை நீக்கியது 1981-இல். என் அக்கா பிறந்த வருடம். இராக்கின் வடக்கே 2007-இல் யசீதி இனத்துப் பெண்பிள்ளை ஒருத்தியைக் கல்லெறிந்து கொன்றார்கள். அவர்கள் முஸ்லிமும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை, இந்துவும் இல்லை. இந்த நோய் எல்லா வீட்டுச் சமையலறையிலும் நுழைந்திருக்கிறது. எந்த வீட்டுப் பானையிலிருந்து கிளம்பியது என்று ஒருவர் வீட்டை ஒருவர் காட்டிக்கொண்டிருக்கிறோம்.


சிவநேசன் 63 | ஞாயிறு, பகல் 12.20

நானும் அதைத்தானே சொன்னேன். மதம் இல்லை.


சட்டப்படி பாரதி | ஞாயிறு, மாலை 4.10

மதம் இல்லை என்றதும் எல்லோரும் பெருமூச்சு விட்டுப் "பண்பாடு" என்ற பாயில் படுத்துக்கொள்வீர்கள் போலிருக்கிறது. அந்தப் பாயிலும் மூட்டைப்பூச்சி உண்டு.

அரியானாவில் 2007-இல் மனோஜ், பப்ளி என்ற இளம் தம்பதியைக் கொன்றார்கள். சாதி ஒன்று, மதம் ஒன்று. குற்றம் என்ன? இருவரும் ஒரே கோத்திரம், அப்படியானால் அண்ணன் தங்கை முறை, ஆகவே சாவு. இப்போது நம் வீட்டைப் பாருங்கள். மாமன் மகளைக் கட்டுவது உரிமை. அக்காள் மகளைக் கட்டினால் ஊர் கூடிச் சாப்பிடுகிறது. அந்த அரியானாப் பெரியவர்களை நம் ஊர்க் கல்யாணத்துக்கு அழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்தால் மயங்கி விழுவார்கள். இரண்டு பக்கத்தாரும் இந்துக்கள், இரண்டு பக்கத்தாரும் தங்கள் முறையைத் "தர்மம்" என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் மலேசியச் சட்டமும் இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொண்டது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்துக்கு உள்ள 1976-ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதில் 11-ஆம் பிரிவு இன்னின்ன உறவில் மணம் கூடாது என்று வரிசையாகத் தடுக்கிறது. பிறகு ஒரு விலக்கு: "இந்து" ஒருவர் தம் வழக்கப்படி அக்காள் மகளையோ தாய்மாமனையோ மணக்கலாம். தென்னிந்திய முறை ஒன்றுக்கு இந்து முறை என்று முத்திரை குத்திவிட்டார்கள். வடநாட்டு இந்துவுக்கு இது பெரும்பாவம். நம் அடையாள அட்டையில் பண்பாடு எங்கே முடிந்து மதம் எங்கே தொடங்குகிறது என்று சட்டம் எழுதியவர்களுக்கே கோடு தெரியவில்லை.

இந்த நாட்டில் அது ஒன்றும் தனிக்கதையும் இல்லை. அரசமைப்பின் 160-ஆம் பிரிவில் மலாய்க்காரர் யார் என்பதற்கு மதம், மொழி, வழக்கம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆலையில் அந்த நண்பர் "உங்கள் மதத்தில்" என்று கேட்டதில் குத்தல் இருந்திருக்காது. அவர் வளர்ந்த வீட்டில் மதமும் வழக்கமும் ஒரே சொல். நமக்கும் ஏறக்குறைய அப்படித்தான், ஒப்புக்கொள்ள மாட்டோம்.


ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, இரவு 8.45

பாரதி மகளே, நன்றாகச் சொன்னாய். பண்பாட்டை ஒரே கல்லாக நினைக்காதே என்பதற்கு நானும் ஒன்று சேர்க்கிறேன்.

கலித்தொகையில் குறிஞ்சிப் பாட்டு ஒன்று உண்டு. வகுப்பில் நடத்தும்போது பிள்ளைகள் அப்படியே அமைதியாகிவிடுவார்கள். மகளின் காதலைத் தோழி செவிலிக்குச் சொல்லி, அது தாய் வழியாக அண்ணன்மார் காதுக்குப் போகிறது. அவர்கள் அம்பைப் பார்க்கிறார்கள். வில்லைப் பார்க்கிறார்கள். கண் சிவக்கிறது. ஒரு பகல் முழுதும் கொதிக்கிறார்கள். பிறகு ஆறுகிறார்கள். இருவர்மீதும் குற்றம் இல்லையே என்று தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி.

கவனி, அம்பும் வில்லும் அங்கேயே இருக்கின்றன. ஆத்திரமும் குறைவில்லை. அந்தக் காலத்து அண்ணன்மார் எல்லாம் புத்தர்கள் என்று நான் கதை விட வரவில்லை. ஆனால் ஆறுவதற்கு ஒரு பகல் கிடைத்திருக்கிறது, தலையைக் கவிழ்த்தவனை ஆண்மையில்லாதவன் என்று பாட்டு ஏளனம் செய்யவில்லை. உடன்போக்கு என்று தனித் துறையே வைத்துப் பாடிய மொழி இது. இன்று பெண் ஓடிப்போனால் "தமிழ்ப் பண்பாடு கெட்டது" என்று மேசையைத் தட்டுகிறவர் எந்தத் தமிழைச் சொல்கிறார்?

சிவநேசன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. உங்கள் கோயில் காவல் தெய்வம் மதுரை வீரன்தானே? கதை என்ன? தாழ்த்தப்பட்ட குடியில் வளர்ந்தவன், பொம்மியைத் தூக்கிக்கொண்டு போகிறான். கடைசியில் வெள்ளையம்மாளுக்காக மாறு கால் மாறு கை வாங்கப்பட்டுச் சாகிறான். அடுத்த தோட்டத்துக் காத்தவராயன் ஆரியமாலைக்காகக் கழுவேறினான். நம் தாத்தாக்கள் கப்பலில் கொண்டுவந்த சாமிகளில் பாதிப் பேர் சாதி மீறிக் காதலித்துக் கொலையுண்டவர்கள். கொன்றவனுக்கு எந்தத் தோட்டத்திலும் கோயில் இல்லை. வருடம் தவறாமல் கிடாய் வெட்டி, சுருட்டு வைத்து, சாராயம் வைத்து, செத்தவனிடம் மன்னிப்புக் கேட்கிறோம். வீட்டுக்கு வந்து மகளின் கைப்பேசியைப் பிடுங்குகிறோம்.


சிவநேசன் 63 | ஞாயிறு, இரவு 9.02

வாத்தியார் ஐயா, இதை நான் இதுவரை இப்படி யோசித்ததில்லை. பூசை மட்டும் செய்திருக்கிறேன்.


கிராணி மகன் | ஞாயிறு, இரவு 9.30

வாத்தியார் ஐயா சொல்வது அழகு. ஆனால் சாமியாக்குவதும் ஒரு தந்திரம்தான். கொன்றுவிட்டுக் கும்பிட்டால் கணக்கு நேராகிவிடும். செத்தவனைச் சாமியாக்க அறிந்த ஊர், உயிரோடு இருந்தவனை மருமகனாக்க அறியவில்லை.


பிளஸ் ஆற்றங்கரை | ஞாயிறு, இரவு 11.15

எல்லாவற்றையும் படித்துவிட்டு எனக்கு ஒன்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் அடியுங்கள்.

நம் முன்னோர் கப்பலில் சாமியையும் கொண்டுவந்தார்கள், சாதியையும் கொண்டுவந்தார்கள். கங்காணி தன் ஊரில், தன் தெருவில் போய்த்தான் ஆள் பிடித்தார். 1938-இல் இந்திய அரசு அதை நிறுத்தும்வரை அப்படித்தான். தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று வீடும் பிரிந்தே இருந்தது. ஆக மதமும் முழுசாக வந்தது, பண்பாடும் முழுசாக வந்தது. ஆனால் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தடி எடுத்தார்கள், ரத்தம் வந்தது, பேச்சு நின்றது. கொன்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏன்? நிலம் இல்லை. மண் முழுவதும் வெள்ளைக்காரன் கம்பெனிக்குச் சொந்தம். மகள் யாரைக் கட்டினாலும் கைமாற ஒரு கஜம் காணி கிடையாது. அங்கே கொல்வது நிலத்துக்காக. மதம், பண்பாடு எல்லாம் மேல்பூச்சு.


சட்டப்படி பாரதி | திங்கள், இரவு 12.15

அண்ணன், அடிக்கச் சொன்னீர்கள், அடிக்கிறேன். சுவீடனின் உப்சாலாவில் 2002-இல் ஃபாதிமே என்ற குர்திஷ் பெண்ணைச் சொந்தத் தகப்பன் சுட்டுக்கொன்றார். லண்டனில் 2006-இல் பனாஸ் என்ற பெண்ணைக் குடும்பமே திட்டமிட்டுத் தீர்த்தது. புலம்பெயர்ந்த குடும்பங்கள். சுவீடனில் எந்த வயல், எந்தக் காணி? உங்கள் நிலக்கணக்கு அங்கே உதைக்கிறது.

எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது என்ன என்று பார்த்தால், கொன்றவனைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கிறது. அவன் தனி ஆள் இல்லை. விருத்தாசலம் பக்கம் 2003-இல் கண்ணகியையும் முருகேசனையும் நஞ்சு கொடுத்து எரித்தார்கள். 18 ஆண்டு கழித்துத் தண்டனை பெற்ற 13 பேரில் இருவர் காவல் துறையினர். காவலரே பட்டியலில் இருந்தால், எவ்வளவு பேர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெண்ணின் உடம்பில் வீட்டு மானம் இருக்கிறது என்று நம்பும் கூட்டம், "இன்னும் ஒன்றும் செய்யவில்லையா?" என்று தகப்பனைக் கேட்கும் கூட்டம். அந்தக் கேள்வி கேட்கப்படும் ஊரில் மதமும் ஆயுதம், பண்பாடும் ஆயுதம். கேட்க ஆள் இல்லாத ஊரில் இரண்டும் பரணில் கிடக்கும்.

சட்டம் பற்றியும் ஒரு வரி. நம் தண்டனைச் சட்டம் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிள்ளை. அதில் கடுமையான, திடீர்ச் சினமூட்டலுக்கு விலக்கு உண்டு. திட்டம் போட்டு, ஆள் வைத்து, வண்டி ஏற்பாடு செய்து கொல்பவனுக்கு அந்த விலக்கு கிடையாது. "ஆத்திரத்தில் செய்துவிட்டான்" என்று பேசும் மாமாக்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2011-இலேயே இந்தக் கொலைகளை அரிதினும் அரிதான வகை என்றது. 2018-இல், வயது வந்த இருவர் மணப்பதில் எந்தக் கூட்டத்துக்கும் தலையிட உரிமை இல்லை என்றது. அப்படியும் 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு பொறியாளரை வெட்டினார்கள். முதலில் கைதானது அவர் பழகிய பெண்ணின் தம்பி. அந்தப் பெண்ணின் பெற்றோர் இருவரும் அப்போது காவல் துறையில் வேலை பார்த்தவர்கள். வழக்கு நடக்கிறது.


பெயர் வேண்டாம் | திங்கள், இரவு 1.20

இந்த இழையைப் படிக்க மட்டும் வந்தேன். எழுதக் கூடாது என்று இருந்தேன்.

எனக்கு 26 வயது. பேராக்கில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். வீட்டில் தெரிந்துவிட்டது. அவர் வேறு சாதி, அவ்வளவுதான். அதே கோயில், அதே தமிழ்ப்பள்ளி. என் அண்ணன் இங்கே பேசியதுபோல் மதம் என்றும் பேசவில்லை, பண்பாடு என்றும் பேசவில்லை. "மாமா கேட்டால் நான் என்ன சொல்வேன்" என்கிறான். ஒரு நாளில் நாற்பது முறை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தப் பாளையங்கோட்டைச் செய்தியைப் போட்டார்கள். அதற்குக் கீழே என் சித்தப்பா கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். அஞ்சலிக்குப் போட்டாரா, எனக்குப் போட்டாரா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் எல்லோரும் எங்கிருந்து வந்தது என்று பேசுகிறீர்கள். எனக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும்.


சட்டப்படி பாரதி | திங்கள், காலை 6.15

தங்கை, விவாதம் கிடக்கட்டும். முதலில் உன் விஷயம்.

நீ 21 வயது கடந்தவள். திருமணப் பதிவுக்குத் தகப்பன் கையெழுத்து தேவையில்லை. அறிவிப்புக் கொடுத்த பிறகு 21 நாள் அது பதிவு அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆகவே அந்த மூன்று வாரம் எங்கே தங்குவது என்பதை முன்பே முடிவு செய். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கி அட்டை மூன்றும் உன் கையில் இருக்கட்டும். மிரட்டல் ஒரு சொல்லாக வந்தாலும் காவல் நிலையத்தில் புகார் கொடு, நகலை வாங்கு. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அண்ணனுக்கு எதிராகவும் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். 15999 என்ற உதவி எண்ணில் இரவிலும் எடுப்பார்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்பு. பெயரோ ஊரோ இங்கே எழுதாதே.


இழைப் பொறுப்பாளர் | திங்கள், காலை 8.00

நள்ளிரவுக்குப் பிறகு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்தப் பெண் எந்தச் சாதி என்று விசாரித்த அன்பர்களுக்கு இந்த இழை மூடப்பட்டுவிட்டது.


ஓய்வு வாத்தியார் | திங்கள், காலை 10.30

ஆற்றங்கரைத் தம்பி, நிலக்கணக்கைப் பாரதி உடைத்தது சரி. ஆனால் நீ தொட்ட இடத்தில் வேறொன்று இருக்கிறது.

1948 ஜூன் 16-இல் உங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைமார் மூவரைச் சுட்டார்கள், அவசரகாலம் வந்தது. பிறகு பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்று சேர்த்து முள்வேலி போட்டார்கள். இரவில் கதவு சாத்திவிடும். மேல் லயமும் கீழ் லயமும் ஒரே வேலிக்குள், ஒரே குழாயடியில். அதற்கு முன்பே, 1929 கடைசியில், பெரியார் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். காதில் விழுந்தது ஒரு பங்கு. குழாயடி செய்தது மூன்று பங்கு.

பெண்களுக்கும் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், தனிப் பெயர் இருந்தது. தகப்பன் துரத்தினாலும் சம்பள நாளில் மேசைக்கு முன் நின்றால் அவள் பெயரைக் கூப்பிடுவார்கள். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.


பிளஸ் ஆற்றங்கரை | திங்கள், இரவு 10.05

வாத்தியார் ஐயா குழாயடி என்றதும் கையை மடக்கிக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதையை எழுதுகிறேன். "பெயர் வேண்டாம்" தங்கைக்காகவும்.

என் அப்பாவின் அக்காள் 1961-இல் கீழ் லயத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். குழாயடிப் பழக்கம்தான். தாத்தா அரிவாளை எடுத்தார். அதைப் பார்த்த என் அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தா வாசற்படியில் உட்கார்ந்து அரிவாளை முழங்காலில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தாராம். விடிந்ததும் எழுந்து பிளஸ் ஆற்றுக்குப் போனார். புது மண்பானை, எள், பொரி. தலையை மழித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார். பானையை உடைத்தார். உயிரோடு இருக்கும் மகளுக்குக் கருமாதி. வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் பிறந்த நேரம் எழுதியிருந்த பழைய பஞ்சாங்கத்தின் கடைசி ஏட்டில் அவர் பெயரை நகத்தால் சுரண்டினார். அந்த ஏடு இன்னும் இருக்கிறது. பெயர் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது, மறுபக்கம் எழுதியிருந்த என் அப்பாவின் நட்சத்திரமும் சேர்ந்து போய்விட்டது.

பாட்டி ஆற்றுக்குப் போகவில்லை.

பாட்டிக்கும் அத்தைக்கும் பால்மரம் (ரப்பர்) வெட்டும் நிரை அடுத்தடுத்து. காலை ஐந்து மணிக்குப் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பார்கள். தாத்தா பார்த்துக்கொண்டிருப்பாரே. ஆனால் இரண்டு நிரைக்கும் நடுவில் எல்லை மரம் ஒன்று. அதன் அடியில் பாட்டி ஒரு மங்கு (சோற்றுக் கிண்ணம்) வைத்துவிட்டுப் போவார். பச்சைக் கரை போட்ட வெள்ளை மங்கு. பழைய சோறு, சில நாள் கருவாடு, மாசமாக இருந்தபோது முருங்கைக்கீரை. அத்தை சாப்பிட்டுவிட்டு, பால் வாளி கழுவும் தண்ணீரில் அதைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். நேராக இருந்தால் இன்று அவள் வரவில்லை, உடம்பு சரியில்லை. கவிழ்ந்திருந்தால் நலம். தாத்தா சாகும்வரை பதினேழு வருடம் இதுதான் பேச்சு. ஒரு சொல் கிடையாது.

தாத்தாவுக்குத் தெரியாமலா இருந்தது என்று நான் அப்பாவைக் கேட்டேன். "அந்த மங்கு எங்கள் வீட்டு மங்கு. தினமும் காணாமல் போய் தினமும் வரும். அவர் கண் தெரியாதவர் இல்லை" என்றார்.


மேரி மகள் | திங்கள், இரவு 10.40

அழவைத்துவிட்டீர்கள். அத்தை இருக்கிறாரா?


பிளஸ் ஆற்றங்கரை | செவ்வாய், இரவு 8.30

இருக்கிறார். 84 வயது. தோட்டம் துண்டு போட்டு விற்றபோது கிடைத்த மலிவு விலை வீட்டில், மகனோடு. காது கொஞ்சம் மந்தம்.

இன்று வேலை முடிந்து நேரே போனேன். இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டேன்: "அத்தை, அன்றைக்குத் தாத்தா ஏன் உங்களை வெட்டவில்லை?" சாமிக்குப் பயந்தாரா, சட்டத்துக்குப் பயந்தாரா, பாசமா என்று நானே மூன்று பதில் எடுத்துக் கொடுத்தேன். அத்தை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு யோசித்தார்.

"காலையில் பிரட்டு இருந்ததே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அத்தை விளக்கினார். அன்றிரவு பெரியவர்கள் யாராவது வந்து திண்ணையில் உட்கார்ந்து "என்னப்பா, இப்படியே விட்டுவிடுவாயா?" என்று கேட்டிருந்தால் நிச்சயம் வெட்டியிருப்பார். வேலிக் கதவு அவசரகாலத்தோடு போய்விட்டது. வர நினைத்தால் வந்திருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் நான்கு மணிக்கு எழ வேண்டும். தூங்கிவிட்டார்கள். விடிந்தபோது தாத்தாவும் களைத்துவிட்டார்.

ஆலை நண்பருக்கு இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. நாளைக்கு இடைவேளையில் மங்குக் கதையிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன்.


பெயர் வேண்டாம் | செவ்வாய், இரவு 11.50

பாரதி அக்காவிடம் பேசிவிட்டேன். மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அண்ணன், உங்கள் அத்தையை நான் பார்க்க வரலாமா?


பிளஸ் ஆற்றங்கரை | புதன், காலை 5.10

வாருங்கள். ஞாயிறு பத்து மணிக்கு முன் வந்தால் நல்லது, அதற்குமேல் தூங்கிவிடுவார். கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும். வெற்றிலை வாங்கி வந்தால் உங்களை விடவே மாட்டார்.